பூஜையன்று ஓடிய காலண்டர்

ஏலே ராசா, ரயில் நகர்ந்த பிறகா ஒருத்தியிடம் கேள்வி கேட்பாய்? விருதுநகர் வந்து சேரும்வரை பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பிளாட்பாரத்திலும் வெகுநேரம் நின்றோம். அப்போதெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவன் போல இருந்துவிட்டு, வண்டி அசைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, கடைசில அதே படத்தத்தான அடிச்சாக? பின்ன எதுக்கு அன்னைக்கு மெஷின நிறுத்துன?" என்று கேட்டாய். பதில் சொல்ல வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும், நீயே நினைத்துப் பார். பக்கத்தில் நின்ற போர்ட்டர் நான் வண்டியைத் தவறவிட்டேன் என்று நினைத்து, "விடுத்தா, பின்னால இன்னொரு வண்டி வரும்" என்று ஆறுதல் சொன்னார். அவருக்கு என்ன தெரியும், வண்டியில் போவது என் பிள்ளை என்றும், அவன் மூன்று மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் கக்கினான் என்றும்.

போனில் சொல்லலாம்தான். நீதான் போனை எடுத்தால் "சாப்டியா, அப்பா வந்துட்டாரா" என்பதற்கு மேல் பேசாதவனாயிற்றே. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படியும் கோணலாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு எனக்குப் பாடம் நடத்தியது அச்சாபீஸ் வேஸ்ட் தாள்கள்தான். கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள், ராசிபலன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அதனால் நடுவில் எங்காவது "நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது" என்பது போல எழுதிவிட்டால் சிரிக்காதே.

நீ செய்யும் வேலை என்னவென்று நம் தெருவில் யார் கேட்டாலும் நான் திணறியிருக்கிறேன். டாக்டர் என்றால் ஊசி, வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு. உனக்கு என்ன? "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கும் அச்சாபீசுக்கே நீ உன் கம்பெனி சாமானைப் பொருத்த வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் சாப்பிடும்போது கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏலே, மாடியில ஆபீசுல கம்ப்யூட்டர் இருக்கு. கீழ நாலு கலர் மெஷின்லயும் ஒரு கம்ப்யூட்டர் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நீ எங்கன எதக் கொண்டாந்து வைக்கப் போற?" நீ சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "நடுவுலம்மா. மாடில இருக்கிறது யாரு ஆர்டர் குடுத்தாக, எம்புட்டு தாள் வாங்கணும், பில்லு எப்பப் போடணும்னு பாக்கும். அதுக்கு மாசக் கணக்கு. மெஷினுக்குத் தெரிஞ்சது மை, தண்ணி, வேகம். அதுக்குக் கண்ணு இமைக்கிற கணக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசாது. இன்னைக்குக் காலைல எந்த ஆர்டரு எந்த மெஷின்ல ஏறணும், எந்தத் தகடு, எந்தத் தாளு, யாரு ஓட்டுறா, ஏன் நின்னுச்சு, எம்புட்டு வீணாச்சு, இத ரெண்டு பக்கமும் சொல்றதுக்கு நடுவுல ஒரு ஆளு வேணும்ல?"

நான் கையை உதறிவிட்டு எழுந்து நின்றேன். "அடப்பாவி, அது நான்லடா!" உனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாடியிலிருந்து ஆர்டர் விவரம் எழுதிய ஜாப் கார்டை வாங்கிக் கீழே கொண்டுவந்து மெஷின்காரர்களிடம் கொடுப்பதும், கீழே எது ஓடியது, எது நின்றது என்று மேலே போய்ச் சொல்வதும் நான் செய்துவந்த வேலை. அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றோ, அதைச் செய்ய ஒரு கம்பெனி இருக்கும் என்றோ, அந்தக் கம்பெனியில் என் பிள்ளையே சம்பளம் வாங்குவான் என்றோ நான் கண்டேனா? உன் அப்பா, தீப்பெட்டிக் கம்பெனி லோடு வேனில் போய்வந்த அலுப்போடு, "அம்மாவத் தூக்கிட்டு அவ எடத்துல பெட்டிய வைக்கத்தான் உன்னப் படிக்க வச்சோமா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன் ராசா. என் முழங்கால் உனக்கு நன்றி சொன்னது. முதலாளியும் உடனே, நான் தகரம் அடிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். காலண்டர் தாள்களைச் சேர்த்து மேலே தகரப் பட்டை அடிக்கும் இடம் அது. உட்கார்ந்த வேலை, சுற்றிலும் பெண்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை.

ஆடிப் பதினெட்டுக்குக் கடைக்காரர்கள் படம் தேர்ந்தெடுக்கும் காலண்டர் ஆல்பம் போட்ட கையோடு ஆர்டர் குவிய ஆரம்பித்தது. உன் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. நான் அதை உன் பெட்டி என்றுதான் சொல்வேன், அது பெட்டி இல்லை என்று நீ எத்தனை முறை சொன்னாலும் சரி. அதில் ஒரு சட்டம் வைத்தீர்கள். ஓர் ஆர்டர் மெஷினில் ஓட ஆரம்பித்துவிட்டால் மாடியில் அதற்குப் பூட்டு விழுந்துவிடும். அதன் பிறகு கடைக்காரர் போன் போட்டு, முருகனுக்குப் பதில் லட்சுமியைப் போடு என்று சொன்னால் முடியாது. நல்ல சட்டம். பாதி ஓடிய பிறகு படம் மாற்றச் சொல்லி எத்தனை பேர் என்னைப் படியில் ஓட விட்டிருக்கிறார்கள்! ஆபீஸ் சங்கரலிங்கம் அண்ணன் பழைய நாளில் யார் போன் செய்தாலும் "இருங்க, கீழ கேட்டுச் சொல்றேன்" என்பார். உன் பெட்டி வந்த பிறகு அந்த வார்த்தையே அவர் வாயிலிருந்து போய்விட்டது. திரையைப் பார்ப்பார், சொல்வார். எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. "என்னண்ணே, என்னய இப்படி மறந்துட்டீக?" என்று கேலிகூடச் செய்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, வாழைக் கன்று கட்டினோம். முதலாளி உன் கம்ப்யூட்டர் திரையில் பட்டையாகக் குங்குமம் வைக்க வந்தபோது நீ பதறியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "சார், ஸ்கிரீன்ல வேண்டாம் சார், பின்னால வைங்க." "ஏன் தம்பி, சாமிக்கு நெத்தியிலயா முதுகுலயா வைப்பாக?" நீ கடைசியில் உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டாய், அவர் உன் கைமேல் பொட்டு வைத்துவிட்டுப் போனார். நம் அச்சாபீஸ் வழக்கப்படி, சூடம் காட்டியதும் ஒவ்வொரு மெஷினையும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். அச்சு ஏதும் பதியாது. சந்தனம் தொட்ட வெற்றுத் தாளைக் கொஞ்சம் விட்டு, அது சுற்றி வருவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு மறுநாள் விஜயதசமி மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது, மெஷினுக்கு ஓய்வு. அந்த முதல் பொத்தானை அமுக்குகிற மரியாதை ஒவ்வொரு வருஷமும் ஒருவருக்குக் கிடைக்கும். இந்த முறை முதலாளி கூட்டத்தைப் பார்த்து, "நம்ம தம்பியோட அம்மா அமுக்கட்டும்" என்றார். நாலு கலர் மெஷின் ஓட்டும் செல்லையா தம்பி, "மதினி, பொத்தான அமுக்கச் சொன்னா பிச்சுராதீக" என்றான். நான் அமுக்கினேன். தாள் ஓடியது. எல்லோரும் கும்பிட்டோம். சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான் அமுக்கிய அந்த மெஷினில் முந்தின நாள் மாலையே அடுத்த ஆர்டரை ஏற்றி வைத்திருந்தார்கள். சாத்தூரில் ஒரு பாத்திரக் கடையின் காலண்டர் அட்டை. ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் கடையை ஆரம்பித்த பெரியவர், கைகூப்பிச் சிரித்தபடி. தாள் ஓடியதும் மெஷின் எண்ணியது. எண்ணியதை உன் பெட்டி கேட்டது. ஆர்டர் ஓட ஆரம்பித்துவிட்டது என்று மாடிக்குச் சொன்னது. மாடியில் பூட்டு விழுந்தது. நாங்கள் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் அது தன் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. கண்ணை மூடிக் கும்பிடத் தெரியாத ஒரே ஆள் அங்கே அதுதான்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்தது. உன் மேலதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். மெஷின்களுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடி அறையில் நீயும் அவரும் முதலாளியும் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விஜயதசமி ஓட்டத்தை அவருக்குக் காட்டிவிட்டால் அடுத்த ஊரில் நீதான் தலைமை என்று எனக்கு முந்தின நாளே சொல்லியிருந்தாய். புதுச் சட்டை வேறு. நான் தகரப் பட்டை இருப்பு பற்றிக் கேட்க மாடிக்குப் போயிருந்தேன். சங்கரலிங்கம் அண்ணன் டீ குடித்துக்கொண்டே, "பாவம், சாத்தூர் பாத்திரக் கடைப் பெரியவர் நேத்துச் சாயங்காலம் தவறிட்டாராம். மகன்தான் போன் போட்டாரு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க. காலண்டர் படத்துலயும் மாலை போட்டு அமரர்னு சேக்க முடியுமான்னு கேட்டாரு. நேத்தே ஓடிருச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "நேத்தா? நேத்து பூசையில்லண்ணே?"

"அவரும் அதத்தான் கேட்டாரு. பூசையன்னைக்கு எப்படிய்யா ஓடும்னு. இங்கன பாரு, ஓடுதுன்னு போட்டுருக்கு. எண்ணிக்கையும் ஏறிருக்கு."

"அண்ணே, அது நான் அமுக்குனதுண்ணே! வெத்துத் தாளு! நீங்களுந்தான் பக்கத்துல நின்னு கும்பிட்டீக!"

அவர் டீ கிளாசைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். என்னை அதிர வைத்தது பெட்டி இல்லை ராசா, அந்தப் பார்வைதான். கண்ணால் பார்த்த மனுஷன். நான் பொத்தானை அமுக்கியபோது "நல்லா அமுக்குத்தா" என்று சொன்னவர். அவரே எழவு வீட்டுக்காரரிடம், உங்கள் அப்பா படம் ஓடிவிட்டது, முடியாது என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்கிறவர் இல்லை. கெட்டவரும் இல்லை. ஒருவேளை அவர் "இருங்க, கீழ கேட்டுச் சொல்றேன்" என்று பழக்கத்துக்காவது சொல்லியிருந்தால், படி இறங்குகிற நேரத்தில் அவருக்கே நினைவு வந்திருக்கும். அந்த நேரந்தான் இப்போது இல்லையே.

அதற்குள் கீழே மெஷின் சத்தம் கேட்டது. செல்லையா ஆரம்பித்துவிட்டான். பூட்டு விழுந்த ஆர்டர், ஓடுகிறது என்று திரையே சொல்கிற ஆர்டர், அவன் ஏன் நிறுத்தப் போகிறான்? நான் படியில் இறங்கினேன். கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ எனக்கு முதுகைக் காட்டி நிற்கவில்லை. என்னைப் பார்த்தாய். என்ன என்று புருவத்தை உயர்த்தினாய். நான் பதில் சொல்லாமல் உன்னைத் தாண்டிப் போய், மெஷினை நிறுத்தும் சிவப்புக் குமிழை ஓங்கி அமுக்கினேன்.

அவ்வளவு பெரிய மெஷின் அப்படி நிற்கும்போது வருகிற அமைதி இருக்கிறதே, அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. செல்லையா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "ஏ மதினி! என்ன காரியம் செஞ்சீக! விசயதசமி ஓட்டத்தப் போயி அமத்திட்டீகளே!" தகரம் அடிக்கிற பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். விஜயதசமியில் ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தினால் வருஷம் முழுக்க விளங்காது என்று நம்புகிற இடம் அது. நானும் நம்புகிறவள்தான். கண்ணாடி அறையில் உன் திரை முழுக்கச் சிவப்பு. உன் அதிகாரி உன்னிடம் ஏதோ கேட்டார். நீ "ஆபரேட்டர் மிஸ்டேக் சார்" என்றாய். நான் ஆபரேட்டரே இல்லையேலே! தகரம் அடிக்கிறவள். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது, சொன்னால் நம்பமாட்டாய்.

பிறகு நீ வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், "யாரக் கேட்டு நிறுத்துன?" என்றாய். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. நீ போய்த் திரையைத் தட்டிப் பார்த்தாய். பூஜை ஓட்டம் ஆர்டராக ஏறியிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நீ செய்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். பூட்டைத் திறந்தாய். அன்று காலையில் எத்தனை தாள் அச்சாகியிருந்தது, எந்தக் கட்டில் போய் உட்கார்ந்தது என்று நொடியில் சொன்னாய். அந்தக் கட்டைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தது உன் பெட்டியால்தான். என் காலமாக இருந்திருந்தால் அதில் பாதி அதற்குள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகப் போயிருக்கும். அந்த வாரமே மெஷின் திரையில், ஓட்டம் எதற்கு என்று கேட்கும்படி செய்தாய். ஆர்டருக்கா, சோதனைக்கா, பூஜைக்கா. தமிழில் "பூஜை" என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து நான் அங்கேயே கும்பிட்டேன், நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

ஆனால் உன் அதிகாரி எழுதி அனுப்பியதில் அந்தக் காலை நிறுத்தம் ஏறிவிட்டது. புனேயில் கார் சாமான் செய்கிற தொழிற்சாலைக்குத் தலைமையாக உன்னோடு படித்தவன் போகிறான், நீ அவனுக்குக் கீழே போகிறாய். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொன்னாய், அவர் வேனில் கூட வந்தவனிடம் சொல்ல, அது தெரு சுற்றி என்னிடம் வந்தது. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட உன்னை உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்: அந்த நிறுத்தத்துக்கு அடுத்த வாரம் அதே ஆர்டர், அதே படம், மாலையும் இல்லாமல், அமரர் என்ற எழுத்தும் இல்லாமல், அதே சிரிப்போடு மெஷினில் ஓடியது. மாடியில் அனுமதித்து அனுப்பியது முதலாளியே. நீ அதைத் திரையில் பார்த்திருப்பாய். அம்மா ஒன்றுமில்லாததற்கு நம்மைக் கவிழ்த்துவிட்டாள் என்றுதான் உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஏன் உன்னைத் தாண்டிப் போனேன்? உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீயே நிறுத்தியிருப்பாய், உனக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது. இதைப் படுத்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்தேன். சங்கரலிங்கம் அண்ணன் பார்த்தாரே, என்னை, திரையை, மறுபடி திரையை. உன்னிடம் சொன்னால் நீயும் முதலில் திரையைப் பார்ப்பாயோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பிள்ளை அப்படி என்னைப் பார்க்க நான் நிற்க வேண்டாம் என்று கால் தானாக நடந்துவிட்டது. நீ பார்த்திருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். இப்போது தெரிகிறது. சுமந்து பெற்றவனைச் சுவரைத் தாண்டுவது போலத் தாண்டினேனே என்ற அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

புனேயில் நீ யாருக்குக் கீழே இருந்தாலும் ஒன்று செய். அந்த ஊரிலும் மெஷினுக்குப் பூஜை இருக்கும், அல்லது வேறு ஏதாவது இருக்கும். ஷிப்டு மாறும்போது சும்மா ஒரு சுற்று விடுவார்கள், புது ஆளுக்குப் பழக்கிக் காட்ட ஓட்டுவார்கள், முதலாளி வீட்டுக் குழந்தை வந்தால் பொத்தானை அமுக்க விடுவார்கள். வேலை இல்லாமல் மெஷின் சுற்றுகிற நேரமெல்லாம் என்னென்ன என்று போன முதல் நாளே டீக்கடையில் வைத்துக் கேள். மீட்டிங்கில் கேட்டால் சொல்லமாட்டார்கள், அது அவர்களுக்கே வேலையாகத் தோன்றாது. மாடியில் போன் எடுக்கிறவருக்கும் சொல்லிவை. பூட்டு விழுந்திருந்தாலும், முடியாது என்று சொல்லும் முன் கீழே ஒரு மனுஷனைக் கேட்க வேண்டும். உன் பெட்டி மாடிக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நடுவில் ஒருத்தர் கையைத் தூக்கி "இரு" என்று சொல்ல ஓர் இடம் விட்டுவை.

இனி உன் கேள்வி. பெரியவரைத் தகனம் செய்த மறுநாள் முதலாளி சாத்தூர் எழவு வீட்டுக்குத் துட்டி கேட்கக் கிளம்பினார். "பொத்தான அமுக்குனவளும் நீ, நிறுத்துனவளும் நீ, நீயே வந்து சொல்லுத்தா" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். பெரியவரின் மகன் வாசலில் இருந்தார். முதலாளி, "தப்பாச் சொல்லிட்டோம் தம்பி. காலண்டர் ஓடல. மாலை போட்டு மாத்திருவோம்" என்றார். அவர் எங்களையே வெறித்துப் பார்த்தார். "ஓடிருச்சுன்னு சொன்னீகளே. அப்பா இருக்கும்போதே ஓடிருச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அது ஒண்ணச் சொல்லித்தான் அவுக கொஞ்சம் தேறியிருக்காக" என்றார்.

அந்தப் பொய் அங்கே மருந்தாக இருந்திருக்கிறது. நான் உன்னையும் கவிழ்த்து, விஜயதசமியையும் கெடுத்து, அதைப் பிடுங்க வந்து நிற்கிறேன். முதலாளி என்னைப் பார்த்தார். போய்விடலாமா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அதற்குள் உள்ளே இருந்து பெரியவரின் சம்சாரம், "யாரு அது, அச்சாபீஸ்காரகளா? உள்ள வரச் சொல்லு" என்றார்.

போனேன். தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, சந்தனம், வெற்றுத் தாள், நான் அமுக்கிய பொத்தான், ஓடாதது ஓடியதாகப் போனது, எல்லாம். அந்த அம்மாள் அழாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "நீ அமுக்குறப்ப அந்த மெஷின்ல இருந்தது அவுக படந்தானா?"

"ஆமாத்தா. அவுக படந்தான் ஏத்தியிருந்துச்சு."

"எத்தன மணிக்கு அமுக்குன?"

எனக்கு எங்கே தெரியும்? கையில் கடிகாரமா கட்டியிருந்தேன்? சூடம் காட்டிய பிறகு என்று சொன்னால் அது ஒரு மணியா, இரண்டு மணியா? முதலாளி வாசலுக்குப் போய் உனக்குப் போன் போட்டார். நீ கோபத்தில் இருந்த நாள் அது. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பார்த்து, "பன்னெண்டு அம்பத்திரெண்டு சார்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அவர் வந்து சொன்னார்.

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த மருமகளிடம் திரும்பி, "அந்நேரம் ஒம் மாமா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக?" என்று கேட்டார்.

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைப் பூச முடிஞ்சு வந்து இலையில உக்காந்திருந்தாக அத்த. வட ஆறிப்போச்சுன்னு என்னய வஞ்சுக்கிட்டு இருந்தாக" என்றாள்.

எழவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நான் பயந்துபோனேன். அந்த அம்மாள்தான் சிரித்தார். சிரித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வஞ்சுக்கிட்டுல்ல இருந்துருக்காக. நல்லா உசுரோடத்தான் இருந்துருக்காக. மாலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ அமுக்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே அடிங்க" என்றார்.

அதே படந்தான் ராசா. தனியாக எடுத்து வைத்த அந்தக் கட்டுகூட வீணாகவில்லை. ஆனால் அந்த அம்மாளைக் கேட்டு அடித்த படம் அது. நான் நிறுத்தியிருக்காவிட்டால் யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். நீ அந்த மணியைச் சொல்லியிருக்காவிட்டால் அவருக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரிந்திருக்காது. துட்டி வீட்டுச் சங்கதி என்று முதலாளி வெளியே பேசவில்லை, நீ முகம் கொடுத்துப் பேசாததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி எப்போதாவது உன் வேலை என்ன என்று நம் தெருவில் யாராவது கேட்டால், நான் திணறமாட்டேன். சாத்தூரில் ஓர் அம்மாளுக்கு, அவர் வீட்டுக்காரர் இன்னும் வடைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தைச் சொன்னவன் என் பிள்ளை என்று சொல்வேன்.